சுண்ணாம்புத் தெளிவு

போன வருஷம் தூத்துக்குடியிலிருந்து அம்மா சிங்கப்பூர் வந்திருந்தாள். கூடத்தில் நான் ஆசையாக வளர்க்கும் பவளத் தொட்டியை ஒரு நிமிஷம் பார்த்திருப்பாள். அதன் கீழ் அலமாரியில் மூடி வைத்திருந்த கேனைத்தான் வெகுநேரம் பார்த்தாள். அடியில் வெள்ளையாகப் படிந்து, மேலே தெளிந்து நின்ற நீர். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

“ஏட்டி, இது சுண்ணாம்புத் தண்ணில்லா? ஒம் மீனு வெத்தல போடுதோ?”

பவளம் வளர்வதற்கு அது வேண்டும் என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளுடைய அப்பா காளவாசலில் வேலை பார்த்தவர். வள்ளத்தில் வந்து இறங்கும் முருகைக்கல்லை, அதாவது பவளக் கல்லை, கரியோடு அடுக்கிச் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றி, சுண்ணாம்பாக்கி அனுப்புவதுதான் அவர் பிழைப்பு. “அவரு கல்லச் சுட்டுச் சுண்ணாம்பாக்குனாரு. நீ சுண்ணாம்பக் கரைச்சுக் கல்லாக்குதியாக்கும்!”

வேதியியல்படி அம்மா சொன்னது அப்பட்டமான உண்மை. ஆனால் மனிதர்கள் கண்ணாடிக்குள் பவளம் வளர்க்கத் தொடங்கி, இந்தச் சுண்ணாம்பில் வந்து நிற்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

1846இல் ஆன்னா தைன் என்ற ஆங்கிலச் சீமாட்டி டார்க்கி கடற்கரைக்குப் போனார். கணவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் குருமார்களில் ஒருவர். கடற்கரைப் பாறையில் ஒட்டியிருந்த கிண்ணப் பவளங்கள் சிலவற்றைக் கடல்நீரோடு ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். வீட்டில் அவற்றை ஊசி நூலால் ஒரு பெரிய கடற்பஞ்சில் தைத்து வைத்தார். இன்று நான் பவளத் துண்டைக் கல்லில் சூப்பர் குளூ வைத்து ஒட்டுகிறேன். அந்தக் காலத்துச் சீமாட்டிக்குக் கைவந்தது தையல்.

லண்டனில் கடல்நீருக்கு எங்கே போவது? இருக்கிற நீரையே திரும்பத் திரும்ப உயிரூட்ட வேண்டியிருந்தது. திறந்த ஜன்னல் பக்கம் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு அந்த நீரை டீக்கடையில் ஆற்றுவதுபோல மாற்றி மாற்றி ஊற்றியாக வேண்டும், தினமும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். ஊற்றியது சீமாட்டி அல்ல, வேலைக்காரச் சிறுமி. அவளுக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது என்று எஜமானி பின்னால் எழுதினார். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. முக்கால் மணி நேரம் ஊற்றிய தோள்பட்டையைக் கேட்டால் வேறு கதை சொல்லும். என் தொட்டியில் இரவு பகலாக ஓடும் இரண்டு பம்புகளுக்கும் அவள்தான் முன்னோடி. 1859இல் வெளியான தைனின் கட்டுரையில் அவள் பெயர் இல்லை.

1847இல் தைன் கடற்பாசியையும் சேர்த்து வளர்த்தார். பாசி பிராணவாயு கொடுத்ததால் வேலை குறைந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் கூடம் திறந்தார்கள். 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் வந்ததும் நடுத்தர வர்க்க வீடுகளில் எல்லாம் கண்ணாடித் தொட்டி முளைத்தது. கடலுக்குத் தொலைவில் இருப்பவர்கள் உப்புகளைக் கலந்து கடல்நீர் தயாரிக்கும் முறையையும் காஸ் வெளியிட்டார். நான் வாங்கும் உப்பு வாளிக்கு அதுதான் மூதாதை. இந்த மோகத்துக்கான விலை இன்னொரு பக்கம் ஏறியது: ஆசைப்பட்ட கூட்டம் பாறைக் குட்டைகளைச் சுரண்டியே காலி செய்தது. தந்தையின் புத்தகம் செய்த அந்த வேலையைப் பற்றி மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வருத்தத்தோடு எழுதினார்.

தைன் வளர்த்தது குளிர்கடலின் கிண்ணப் பவளம். அதற்கு இரை கிடைத்தால் போதும். நம் பக்கத்து வெப்பக்கடலில் திட்டு கட்டும் பவளம் வேறு ஜாதி. அதன் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பாசிக்கு நல்ல வெளிச்சம், பவளத்துக்குத் தெளிந்த நீர், கல் கட்டச் சுண்ணாம்புச் சத்து மூன்றும் ஒருசேர வேண்டும். இதனால்தான் 1950, 60களின் கடல்நீர்த் தொட்டிகளில் மீன் உயிரோடு நீந்த, பவளம் மட்டும் வெளுத்த எலும்பாக அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்தது. மணலுக்கு அடியில் வைத்த வடிகட்டி மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கியதோடு நின்றுவிடும். நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். பவளம் தாங்காது.

இதற்கு வழி கண்டவர் ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள். கருவி ஏதும் தேடாமல், கடலிலிருந்து உயிர் ஒட்டிய கல்லைக் கொண்டுவந்து தொட்டியில் அடுக்கினார். கொஞ்சம் காற்றுக் குமிழி, வெயில், அவ்வளவுதான். 1961இல் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றி எழுதினார். அந்தக் கல்லின் ஓட்டைகளுக்குள், பிராணவாயு எட்டாத இடத்தில், நைட்ரேட்டைத் தின்று வெறும் நைட்ரஜன் வாயுவாக வெளிவிடும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அந்தக் கட்டுரையைப் படித்தவர்களில் பெரும்பாலோர் அப்போது அதைப் பொருட்படுத்தவில்லை. வாசலில் கடலும் தலைக்கு மேல் வெயிலும் இருந்த ஒருவர் எழுதியதைக் குளிர்நாட்டு அடித்தளத்தில் தொட்டி வைத்திருந்தவர் எப்படி நம்புவார்?

நம்பியவர்கள் ஜெர்மானியர்கள். பெர்லினில் டீட்ரிச் ஸ்டூபரும் அவர் வட்டாரத்தாரும் உயிர்க்கல்லோடு கடும் வெளிச்சத்தையும் நுரை பிரிக்கும் கருவியையும் சேர்த்தார்கள். பொங்கும் பாகில் அழுக்கு நுரையாக ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே தந்திரம்தான். கழிவு அழுகும் முன்னே நுரையோடு வெளியே போய்விடும். ஸ்டூபரின் தொட்டியில் வளர்ந்த ஒரு கிளைப் பவளத்தை ஒடித்து ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். அது அவர் பெயராலேயே ஊர் ஊராகப் பரவியது, பிச்சிப்பூப் பதியன் வீடு வீடாகப் போவதுபோல.

சுண்ணாம்பு இங்கேதான் நுழைகிறது. பவளம் வளர வளர நீரிலிருக்கும் கால்சியத்தைக் கல்லாக்கி இழுத்துக்கொள்ளும். கடல்நீரில் அது லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல். கடல் பெரிது, குறைவது தெரியாது. என் தொட்டி 200 லிட்டர், தெரியும். சுவிட்சர்லாந்தின் பீட்டர் வில்கென்ஸ் 1970களில் பிரபலப்படுத்திய வைத்தியம், ஆவியாகிப் போன நீருக்குப் பதில் சுண்ணாம்புத் தெளிவை ஊற்றுவது. ஜெர்மன் மொழியில் கால்க்வாசர், அதாவது சுண்ணாம்புத் தண்ணீர். உலகம் முழுக்க இன்றும் அதே பெயரில்தான் கேட்டு வாங்குகிறார்கள். நம் பாட்டிமார் கலக்கித் தெளியவைத்த அதே சரக்கு, பொட்டலத்தின் விலைதான் வேறு.

காளவாசலில் சுடும்போது கல்லிலிருந்து கரியமில வாயு போய்விடுகிறது. தொட்டிக்கு வந்த சுண்ணாம்பு அந்த வாயுவை நீரிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. அதிலிருந்து பவளம் கல் கட்டுகிறது. தாத்தா பிரித்ததை நான் சேர்க்கிறேன்.

இதில் அவசரம் ஆகாது என்று நான் கற்றது அடிபட்டுத்தான். சுண்ணாம்புத் தெளிவுக்குக் காரம் அதிகம், பிஹெச் 12க்கு மேல். வெளிச்சம் அணைந்து தொட்டியின் பிஹெச் இறங்கியிருக்கும் இரவில், சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு நாள், தூக்கக் கலக்கத்தில், தெளியாத கேனை அப்படியே கவிழ்த்தேன். ஒரு நிமிஷத்தில் தொட்டி அரிசி கழுவின தண்ணீரானது. பவளத்துக்குப் போக வேண்டிய கால்சியம் நீரிலேயே பொடியாகிக் கொட்டியது. பாதிப் பவளம் ஒரு வாரத்தில் சதை உரிந்து வெளுத்தது.

ஊரில் வெளுத்த கல்லைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். வீட்டுச் சுவரிலேயே உண்டு. அந்தக் கல் வந்த மன்னார் வளைகுடாவில் 1986இல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். 2001இல் கல் பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனாலும் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்கு அடியில் போய்விட்டன. அலையைத் தடுத்த திட்டைத் தோண்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம்.

இருந்த மூன்று வாரமும் ராத்திரி பத்து மணிக்குச் சொட்டுக் குழாயை அம்மாவே திறந்தாள். வெற்றிலையை மென்றபடி பக்கத்தில் உட்கார்ந்து, சொட்டை எண்ணுவாள். கிளம்பும் முன்தினம் ஒரு கிளையைக் காட்டி, வெள்ளையாக இருக்கும் நுனி மட்டும் புதிது, ஏழு மாத வளர்ச்சி என்றேன். கண்ணாடிமேல் விரலை வைத்து அளந்தாள். ஒரு விரற்கடைகூட இல்லை.

“எங்கப்பா ஒரு சூளைக்கு எத்தன வள்ளம் கல்லு அடுக்குவாரு தெரியுமாட்டி?” என்றாள்.