கடைவீட்டின் அடுப்பங்கரை

ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்று கைக்கு வந்தால், வாங்கியவரோ வாடகைக்கு எடுத்தவரோ முதலில் உடைக்க நினைப்பது அடுப்பங்கரையைத்தான். இருட்டு, ஈரம், கரி படிந்த சுவர், வழுக்கும் தரை. வேலைக்கு வரும் காண்ட்ரெக்டரும் ஒரு யோசனையோடுதான் வருவார்: "நடுவுல இருக்கிற முற்றத்துக்கு மேல கூரை போட்டு மூடிடுங்க, ஒரு ரூம் மிச்சம். பின்பக்கம் முழுக்க டைல்ஸ் அடிச்சிட்டா ஈரப் பிரச்சனையே இருக்காது." கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டும் வீட்டைக் கெடுக்கும். ஏன் என்று புரிய, இந்த அடுப்பங்கரை எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

கடைவீட்டின் அகலம் பெரும்பாலும் 18, 20 அடி. குறுக்கே போடும் உத்தரத்தின் நீளம் அவ்வளவுதான். நீளமோ நூறடியைத் தாண்டிப் போகும். முன்னால் அஞ்சடி, அதையடுத்துக் கடை, மேலே குடித்தனம், கடைசியில் அடுப்பங்கரை. இரு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர் என்பதால் பக்கவாட்டில் சன்னல் வைக்க வழியில்லை. அதனால்தான் நடுவில் கூரையைத் திறந்துவிட்டார்கள். சீனர்கள் அதற்கு வைத்த பெயருக்கு 'வானக் கிணறு' என்று பொருள். நமக்கு அது முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலே போகிறது, தெருப்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மழைநீர் தாழ்வான கல்தரையில் விழுந்து வடிகாலுக்குப் போகிறது. அடுப்புப் புகைக்கும் தாளிப்பு வாசனைக்கும் வெளியேறும் வழி அதுதான். அதை மூடினால் ஓர் அறை கிடைக்கும். வீட்டுக்கு மூச்சு நின்றுபோகும்.

ஆனால் பினாங்குத் தமிழர்களில் பலருக்கு நெடுங்காலம் சொந்த அடுப்பங்கரையே கிடையாது. 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கிய பின் வந்த சூலியா வணிகர்கள், படகுக்காரர்கள், துறைமுகக் கூலிகள் எல்லோரும் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆண்கள். செட்டியார்களின் கிட்டங்கியில் பல பெட்டிக்கடைகளுக்கும் சேர்த்து ஒரே சமையல்கட்டு, ஒரு சமையல்காரர். கூலிகளுக்கு அதுவும் இல்லை. தெருதான் அவர்களுக்குச் சமையலறை. காவடித்தண்டில் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் தூக்கி வந்து தமிழ் முஸ்லிம்கள் விற்ற சோறுதான் இன்றைய நாசி கண்டார். 'கண்டார்' என்பது அந்தத் தண்டைத் தோளில் சுமப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல். பெண்கள் வந்து, குடும்பங்கள் அமைந்த பிறகுதான் அம்மியும் ஆட்டுக்கல்லும் கடைவீட்டின் பின்கட்டுக்கு வந்தன. இந்த ஊரில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குச் சொந்த அடுப்பு என்பது, இங்கேயே தங்கிவிட்டோம் என்பதன் அடையாளம்.

பின்கட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கழிவறையும் அங்கேதான். பின்சுவரின் அடியில் சின்னக் கதவு. அதன் வழியே வாளியை எடுத்துப் போவார்கள். சிங்கப்பூரின் சுகாதார நிலை பற்றிய 1907ஆம் ஆண்டு அறிக்கையில் டபிள்யூ. ஜே. சிம்ப்சன், முதுகோடு முதுகு ஒட்டி நின்ற வீடுகளுக்கு நடுவே பின்சந்துகள் வெட்டச் சொன்னார். வெளிச்சமும் காற்றும் வரவேண்டும், வாளி வீட்டுக்குள் புகுந்து வாசல் வழியாகப் போகக்கூடாது என்பது நோக்கம். பினாங்கிலும் பின்சந்துகள் வந்தன. ஆக, வடிகால், அடுப்பு, கழிவறை மூன்றும் ஒரே மூலையில் சேர்ந்தது தற்செயல் இல்லை. இன்று புதிதாகக் குழாய் போடுபவர் முதலில் செய்யவேண்டியது, ஒரு வாளித் தண்ணீரை முற்றத்தில் ஊற்றி அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது. பழைய வடிகாலின் வாட்டம் தெரியாமல் தரையை உயர்த்தியவர் வீட்டில் அடுத்த மழைக்கே தண்ணீர் தேங்கும்.

இவ்வளவு பழைய அடுப்பங்கரைகள் எப்படித் தப்பின? யாரும் பாதுகாத்ததால் இல்லை. போருக்குப் பின் வந்த வாடகைக் கட்டுப்பாடு, 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் தொடர்ந்தது. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்தவோ குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவோ முடியாது. வருமானம் இல்லாத வீட்டுக்காரர் ஓடுகூட மாற்றவில்லை. சொந்தமில்லாத வீட்டில் குடியிருந்தவரும் பெரிதாகச் செலவு செய்யவில்லை. விறகடுப்பு இருந்த மேடையிலேயே மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, பிறகு கேஸ் வந்தது. மேடை மாறவில்லை. சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு முழுதாக விலகியது. வாடகை ஏற, தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் ஃபிளாட்டுகளுக்குப் போயின. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, முகப்புகள் காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கை வந்தது. ஆனால் பல வீடுகளில் அதற்குள் சமைக்க ஆள் இல்லை.

ஆகவே இன்று இந்த ஊரில் ஒரு கடைவீட்டில் குடியிருந்து சமைக்க முடிவெடுப்பவர் சின்ன வேலை செய்யவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியவை சில. சுவர் பழைய செங்கல்லும் சுண்ணாம்பும். கடலோர மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, மேற்பூச்சு வழியாக வெளியே விடும். சிமெண்டும் டைல்ஸும் அதை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்து, மாடிச்சுவரில் பெயிண்ட் உரியும். அடுப்புக்கும் தொட்டிக்கும் பின்னால் எண்ணெய் தெறிக்கிற உயரத்துக்கு மட்டும் டைல்ஸ் போதும். மற்ற இடத்தில் சுண்ணாம்பே இருக்கட்டும். மீன் பொரிக்கும், மிளகாய் தாளிக்கும் அடுப்பை முற்றத்துக்கோ பின்வாசலுக்கோ பக்கத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜும் மேசையும் உள்ளே போகட்டும். பாரம்பரிய வளாகத்துக்குள் இருக்கும் வீடென்றால், உடைக்கும் முன் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். முதல் ஒரு மழைக்காலம் எதையும் உடைக்காமல் அங்கேயே சமைத்துப் பார்ப்பது எல்லாவற்றையும்விட நல்லது. வீடே எங்கே ஒழுகுகிறது, எங்கே காற்று வருகிறது என்று காட்டிவிடும்.

செடி விஷயத்தில் இந்தத் தீவுக்குப் பழைய அனுபவம் உண்டு. பாக்கு மரத்தின் பெயரையே கொண்ட ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளர் மூலம் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொண்டுவந்து இங்கே நட்டது. பெரும் லாபம் தந்த ஜாதிக்காய்த் தோட்டங்கள் 1860 வாக்கில் நோய் விழுந்து அழிந்தன. தண்ணீர்மலைக்குப் பக்கத்திலுள்ள தாவரவியல் பூங்கா 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பொறுப்பில் தொடங்கியது. ஒரே பயிரை நம்பிக் கெட்ட கதை அது. வீட்டுத்தோட்டம் தொடங்குபவருக்கும் அந்தப் பாடம் பொருந்தும்: ஒரே செடியைப் பத்துத் தொட்டியில் வைக்காமல், நான்கு வகை வையுங்கள்.

முற்றத்தில் நேர் வெயில் நடுப்பகலில் கொஞ்ச நேரம்தான். அங்கே வெற்றிலை, வல்லாரை, பாண்டான், கற்பூரவல்லி வரும். கறிவேப்பிலைக்கு வெயில் வேண்டும். பின்வாசலில் பெரிய தொட்டியில் வையுங்கள், தரையில் வேண்டாம். முருங்கையும் அப்படித்தான், வேர் வடிகாலைப் பிளக்கும். கவனிப்பாரற்ற கடைவீட்டுச் சுவர்களில் பறவை போட்ட விதையிலிருந்து அரசங்கன்று முளைத்துச் செங்கல்லைப் பிளப்பதை இந்த ஊரில் எந்தச் சந்திலும் பார்க்கலாம். விரலளவு இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். இந்நாட்டில் டெங்கு இரத்தக்கசிவுக் காய்ச்சல் முதலில் பதிவானது பினாங்கில்தான், 1962இல். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். வாரம் ஒருமுறை தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் போதும். வீட்டில் புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

இப்போது பல கடைவீடுகள் காப்பிக்கடைகளாகிவிட்டன. முற்றத்தில் அழகான செடிகள், பழைய அடுப்பு மேடையில் பூச்சாடி. கட்டடம் பிழைத்திருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் அடுப்பங்கரை என்பது சுவரும் மேடையும் மட்டும் இல்லை. சாயங்காலம் பின்சந்தில் நடந்தால் எந்த வீட்டில் இன்று என்ன குழம்பு என்று தெரிந்த ஊர் இது. எந்தப் பட்டியலும் அந்த வாசனையைக் காக்காது. அதற்கு உள்ளே ஒருவர் கறிவேப்பிலையைக் கிள்ளி எண்ணெயில் போட வேண்டும்.