போர்க்களத்தில் பெண் வீரர் பிடிபட்டால் என்ன நடக்கும்? ஜெனிவா ஒப்பந்தம் சொல்வது என்ன?

2003 மார்ச் 23. ஈராக்கின் நசிரியா நகருக்குள் அமெரிக்க ராணுவத்தின் 507-வது பராமரிப்புப் பிரிவு வாகனங்கள் வழி தவறி நுழைந்தன. நாலாபுறமும் இருந்து நடந்த தாக்குதலில் 11 வீரர்கள் உயிரிழந்தனர். கால்களில் குண்டு பாய்ந்த நிலையில் பிடிபட்டவர்களில் ஒருவர் ஷோஷானா ஜான்சன். ராணுவத்தில் அவர் பார்த்தது சமையல் வேலை.

அவரை கேமரா முன் வைத்து கேள்வி கேட்ட வீடியோ ஈராக் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. மூன்று வாரங்கள் கழித்து, ஏப்ரல் 13-ம் தேதி சக வீரர்களுடன் அவர் மீட்கப்பட்டார்.

தரையில் நேரடியாகப் போரிடும் பிரிவுகளில் பெண்களைச் சேர்க்க அமெரிக்காவில் அப்போது தடை இருந்தது. 2013-ல்தான் அந்தத் தடை நீக்கப்பட்டது. சமையல் வேலைதானே என்று எந்தப் போரும் ஒதுங்கிப் போவதில்லை என்பதை நசிரியா காட்டியது. அப்படியென்றால், ராணுவத்தில் இருக்கும் பெண்களுக்கு போர்ச் சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது?

பெண் என்பதால் சுடக்கூடாதா?

அப்படி எந்த விதியும் இல்லை. சீருடையில் சண்டையிடும் வீரர் ஆணோ பெண்ணோ, எதிரிப் படை அவரைத் தாக்கலாம். ஆனால் அவர் சரணடைந்துவிட்டாலோ, காயம்பட்டு சண்டையிட முடியாமல் விழுந்துவிட்டாலோ, அந்த நொடியில் இருந்து அவரைத் தாக்கக் கூடாது. இதுவும் இருபாலருக்கும் பொது.

ராணுவ நர்ஸ், டாக்டர்களுக்கு தனி விதி உண்டு. மருத்துவப் பணியில் மட்டும் இருப்பவர்களைத் தாக்கக் கூடாது. பிடிபட்டாலும் அவர்கள் போர்க்கைதிகள் அல்ல. கைதிகளின் சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் மட்டுமே அவர்களைத் தங்க வைக்கலாம்.

பிடிபட்டால் என்ன உரிமை?

1949-ல் உருவான மூன்றாவது ஜெனிவா ஒப்பந்தம்தான் போர்க்கைதிகளுக்கான அடிப்படைச் சட்டம். அதில் பெண்களுக்கு முக்கியமானவை இவை:

• பிரிவு 13: கைதிகளை மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும். அவமதிப்புக்கோ, பொதுமக்களின் வேடிக்கைக்கோ ஆளாக்கக் கூடாது. கைதியை டிவியில் காட்டுவது சர்ச்சையாவது இதனால்தான்.
• பிரிவு 14: பெண்களை அவர்களுக்கு உரிய மதிப்போடு நடத்த வேண்டும். ஆண் கைதிகளுக்குக் கிடைப்பதைவிடக் குறைவான வசதி தரக்கூடாது.
• பிரிவு 17: பெயர், பதவி, பிறந்த தேதி, ராணுவ எண் தவிர வேறு எதையும் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது.
• பிரிவு 25, 29: ஆண்களும் இருக்கும் முகாம் என்றால் பெண்களுக்குத் தனி படுக்கை அறை, தனி கழிப்பறை வேண்டும்.
• பிரிவு 97: ஒழுங்கு நடவடிக்கையாக அடைத்து வைத்தாலும் தனி இடம், பெண்களின் மேற்பார்வை கட்டாயம்.

1977-ல் வந்த முதல் கூடுதல் நெறிமுறையின் பிரிவு 76, பாலியல் வன்முறையில் இருந்து பெண்களைப் பாதுகாக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன?

பெண் கைதிகளைப் பற்றிய விதி 1929 ஒப்பந்தத்திலேயே இருந்தது. அது இருந்ததற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டாம் உலகப் போர் காட்டியது.

சோவியத் படைகளில் சுமார் 8 லட்சம் பெண்கள் பணியாற்றினர். ஆனால் போர்க்கைதிகள் பற்றிய 1929 ஒப்பந்தத்தில் சோவியத் யூனியன் சேரவில்லை. இதைக் காரணம் காட்டிய ஜெர்மனி, பிடிபட்ட சோவியத் வீரர்களுக்கு அந்த ஒப்பந்தத்தின் பாதுகாப்பை மறுத்தது. பெண்கள் பலர் ராவன்ஸ்புரூக் வதை முகாமுக்கு அனுப்பப்பட்டனர்.

1944-ல் போலந்து தலைநகர் வார்சாவில் நடந்த கிளர்ச்சியின் முடிவு வேறு மாதிரி. அக்டோபரில் சரணடையும்போது, தங்கள் போராளிகளை 1929 ஒப்பந்தப்படி போர்க்கைதிகளாக நடத்த வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள் போலந்து தளபதிகள். இதனால் 2 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் போர்க்கைதி அந்தஸ்து பெற்றனர். அவர்களில் 1,700-க்கும் மேற்பட்டோர் ஓபர்லாங்கன் முகாமில் அடைக்கப்பட்டனர். குளிரும் பசியும் அங்கே இருந்தன. ஆனாலும் 1945 ஏப்ரல் 12-ல் அவர்களை உயிரோடு மீட்டது, சொந்த நாட்டு டாங்கிப் படைதான்!

சொந்தப் படையிலேயே கொடுமை நடந்தால்?

போர்ச் சட்டம் எதிரியிடம் இருந்து மட்டும்தான் காப்பாற்றும் என்று பல காலம் கருதப்பட்டது. காங்கோ ஆயுதக்குழு தளபதி போஸ்கோ இன்டகான்டா மீதான வழக்கு இதை மாற்றியது. குழுவில் சேர்க்கப்பட்ட சிறுமிகளை சக போராளிகளே பாலியல் வன்கொடுமை செய்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவர்கள் எதிரிகள் இல்லையே, இது எப்படி போர்க்குற்றம் ஆகும் என்று அவர் தரப்பு வாதிட்டது. சொந்தப் படையினர் மீது நடந்தாலும் அது போர்க்குற்றமே என்று சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு 2017-ல் சொல்லிவிட்டது. 2019-ல் அவருக்கு 30 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தியாவின் நிலை என்ன?

1949 ஜெனிவா ஒப்பந்தங்களை ஏற்ற இந்தியா, அதற்காக 1960-ல் தனிச் சட்டமும் இயற்றியது. ஆனால் 1977 கூடுதல் நெறிமுறைகளிலும், சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்திலும் இந்தியா சேரவில்லை.

2016-ல் விமானப்படையில் பெண் போர் விமானிகள் வந்தனர். 2020 பிப்ரவரி 17-ல், பெண் அதிகாரிகளுக்கும் ராணுவத்தில் நிரந்தரப் பணி வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில், பெண் அதிகாரிகள் எதிரியிடம் போர்க்கைதியாகச் சிக்கும் அபாயமும் மத்திய அரசு தரப்பில் ஒரு காரணமாக முன்வைக்கப்பட்டது. நீதிமன்றம் அந்த வாதங்களை ஏற்கவில்லை.

உக்ரைன் போரில் இது வெறும் வாதமாக இல்லை. 2022 அக்டோபர் 17-ல் ஒரே பரிமாற்றத்தில் ரஷ்யா விடுவித்த உக்ரைன் பெண்கள் மட்டும் 108 பேர். அவர்களில் பெரும்பாலானோர் ராணுவத்தினர்.

சட்டம் தாளில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் முகாமின் கதவு மூடிய பிறகு அது நடைமுறையில் இருக்கிறதா என்று பார்க்க வெளியாட்கள் உள்ளே போயாக வேண்டும். அதனால்தான் போர்க்கைதிகளைச் சந்தித்து, தனியாகப் பேசும் உரிமையை செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அதே ஜெனிவா ஒப்பந்தம் தந்திருக்கிறது. அந்தக் கதவு திறக்கிறதா என்பதில்தான் மற்ற எல்லா விதிகளின் பலனும் இருக்கிறது.