ஐம்பது வயதில் வந்த பெயர்

அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் நாளேட்டில் இசை விமர்சகராக இருந்தவர் டிம் பேஜ். 1997 ஆம் ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றவர். 2000 ஆம் ஆண்டில், தமது நாற்பத்தைந்தாவது வயதில், மருத்துவர்களிடமிருந்து அவர் ஒரு செய்தியைக் கேட்டார். 'அஸ்பெர்கர் நிலை' என அப்போது அழைக்கப்பட்ட ஓட்டிச வகை அவருக்குப் பிறவியிலிருந்தே இருந்து வந்திருக்கிறது என்பதே அச்செய்தி. 2007 இல் நியூயோர்க்கர் இதழில் அதைப்பற்றி நீண்ட கட்டுரையொன்றை எழுதினார். சிறு வயதில் பாடசாலைச் சுற்றுலாவைப் பற்றி எழுதச் சொன்னபோது, பார்த்த இடங்களை விட்டுவிட்டுப் பேருந்து சென்ற பாதைகளையே வரிசையாக எழுதிக் கொடுத்த பிள்ளை அவர்.

என் தொழிலைச் சேர்ந்தவர்; சொற்களை வைத்தே வாழ்ந்தவர். தம்மைக் குறிக்கும் ஒரு சொல்லை அறிய அவருக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன? இக்கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் அச்சொல்லின் வரலாறு.

குழந்தைகளுக்கு மட்டும் வைத்த பெயர்

ஓட்டிசம் (தமிழகத்தார் ஆட்டிசம் என்று எழுதுவர்) என்னும் சொல்லை 1911 ஆம் ஆண்டளவில் மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தவர் சுவிற்சர்லாந்தின் உளமருத்துவர் ஒய்கன் புளொய்லர். மனச்சிதைவு நோயாளர் தமக்குள்ளேயே ஒடுங்கிப் போவதைக் குறிக்க அவர் அதனைப் பயன்படுத்தினார். 1925 இல் மொஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர், பிறரோடு ஒட்டாத, ஆனால் கூர்மதி படைத்த ஆறு சிறுவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1943 இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஓட்டிசத்தைத் தனியொரு நிலையாக நிலைநாட்டியது. அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் நான்கு சிறுவர்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார்.

கானர் வைத்த பெயரிலேயே 'குழந்தைப் பருவம்' என்பது இடம்பெற்றிருந்தது. குழந்தை வளரும் என்பதை அப்பெயர் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் குழந்தைகள் வளர்ந்தார்கள். கானரின் கட்டுரையில் முதலாவதாக விவரிக்கப்பட்ட டொனால்ட் ட்ரிப்லெட் கல்லூரியில் படித்தார், மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரொன்றில் வங்கியில் வேலை செய்தார், கார் ஓட்டினார், பல நாடுகளுக்குத் தனியே பயணம் போனார். 2023 இல் தமது 89 ஆவது வயதில் காலமானார். அவரைப் போன்ற எத்தனையோ பேர், கானரைப் போன்ற ஒருவரின் கண்ணில் படாமலே வளர்ந்து, வேலைக்குப் போய், மணமுடித்து, முதுமையும் எய்தினர்.

இவர்களுக்காகக் கதவைத் திறந்தவர் இலண்டன் உளமருத்துவர் லோர்னா விங். 1956 இல் பிறந்த அவரது மகள் சூசி ஓட்டிசம் உடையவர். ஒரு தாயின் கண்ணும் மருத்துவரின் கண்ணும் சேர்ந்து நோக்கியதன் பயனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். 1970களில் ஜூடித் கோல்டும் அவரும் தென் இலண்டனின் கேம்பர்வெல் பகுதியில் நடத்திய ஆய்வு, கானரின் வரைவிலக்கணத்துக்கு வெளியே பெருந்தொகையான பிள்ளைகள் நிற்பதைக் காட்டிற்று. 1981 இல் லோர்னா விங் வெளியிட்ட கட்டுரை, மறக்கப்பட்டிருந்த அஸ்பெர்கரை ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதில் அவர் விவரித்த முப்பத்து நான்கு பேரில் மிக இளையவருக்கு வயது ஐந்து. மிக மூத்தவருக்கு முப்பத்தைந்து. இந்த முப்பத்தைந்து என்ற எண்ணை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். வளர்ந்தவர்களும் இப்பட்டியலில் உண்டு என்பதை அது அறிவித்தது.

1994 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு அஸ்பெர்கர் நிலையை ஏற்றுக்கொண்டது. 2013 இல் வந்த ஐந்தாம் பதிப்பு அப்பெயரை நீக்கி, எல்லாவற்றையும் 'ஓட்டிச நிறமாலை' என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. (நாஜிகளின் காலத்தில் குழந்தைகள் கொல்லப்பட்ட நிலையத்துக்கு அஸ்பெர்கரும் பிள்ளைகளை அனுப்பியதை ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் 2018 இல் ஆவணங்களோடு வெளிப்படுத்தினார். அப்பெயரைப் பலர் இன்று கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.) அந்த ஐந்தாம் பதிப்பில் முக்கியமான விளக்கமொன்று உண்டு. அறிகுறிகள் சிறு வயதிலேயே இருந்திருக்க வேண்டும். ஆயினும், சமூகம் கேட்பது ஒருவரின் சக்தியை மீறும் வரை அவை முழுமையாகத் தெரியாமல் இருக்கலாம். கற்றுக்கொண்ட உபாயங்களால் மறைக்கப்பட்டும் இருக்கலாம் என்பதே அதன் சாரம்.

ஆகவே, 1950 முதல் 1980 வரை பாடசாலை சென்ற ஒரு தலைமுறை முழுவதற்கும், பேச்சும் படிப்பும் சரியாக இருந்தால், இப்பெயர் கிடைக்க வழியே இருக்கவில்லை. மாறியது வரைவிலக்கணம். அம்மனிதர்கள் என்றும் போலவே இருந்தார்கள்.

எப்படி அறிகிறார்கள்?

பலர் தம் பிள்ளையின் வழியாக அறிகிறார்கள். மகனைப் பற்றி மருத்துவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, 'இது என்னுடைய கதையல்லவா' என்று தந்தை திடுக்கிடுகிறார். வேறு சிலர், ஓட்டிசம் உடையோர் தாமே எழுதியவற்றைப் படித்து அறிகிறார்கள். 1986 இல் டெம்பிள் கிராண்டினும் 1992 இல் டொனா வில்லியம்சும் எழுதிய தன்வரலாறுகள் இதற்கு வழி திறந்தன. இன்னும் சிலர், பதவி உயர்வோ திருமணமோ பிள்ளைப்பேறோ வந்தபின், அதுவரை தாங்கி வந்த ஒழுங்கு குலைந்து, மனச்சோர்வுக்கு மருத்துவம் தேடிப் போன இடத்தில் அறிகிறார்கள்.

பெண்களுக்கு இது இன்னும் தாமதமாகிறது. மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கும் தலையசைப்பதற்கும் பழகிக்கொள்ளும் பெண்பிள்ளையை யாரும் மருத்துவரிடம் கூட்டிச் செல்வதில்லை. நம்மூரில் அவளுக்கு 'அடக்கமான பிள்ளை' என்று நற்சான்றும் கிடைக்கும். உலகறிந்த ஸ்கொட்லாந்துப் பாடகி சூசன் பொய்ல், பிறந்தபோது மூளையில் பாதிப்பு ஏற்பட்டதாகச் சொல்லப்பட்டே வளர்ந்தவர். தமக்கு இருப்பது அஸ்பெர்கர் நிலை என்று அறிந்தபோது அவர் ஐம்பதைக் கடந்திருந்தார். 2013 இல் அதை வெளிப்படையாகச் சொன்னபோது, தமக்கு அது ஆறுதலாக இருந்ததென்றார்.

இங்கிலாந்தில் 2007 இல் வளர்ந்தோரிடையே நடத்தப்பட்ட மனநலக் கணக்கெடுப்பு, நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் இந்நிறமாலையில் இருப்பதாக மதிப்பிட்டது. அவ்வாறு இனங்காணப்பட்டவர்களில் ஒருவர்கூட அதை முன்னரே அறிந்திருக்கவில்லை. அறியாமல் வாழ்வது சிறிய விடயமன்று. வளர்ந்தபின் அஸ்பெர்கர் நிலை கண்டறியப்பட்ட 374 பேரிடம் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வினவி 2014 இல் வெளியிட்ட முடிவின்படி, 66 விழுக்காட்டினர் வாழ்நாளில் எப்போதாவது தற்கொலையைப் பற்றி எண்ணியவர்கள். 'ஏன் நான் மட்டும் இப்படி' என்ற கேள்வியை விடையின்றிச் சுமப்பதன் கனம் அத்தகையது.

பட்டிப்பொலயிலிருந்து பார்க்கும்போது

இனி நம் மலைக்கு வருவோம். கொழும்பிலிருந்து பதுளை செல்லும் பாதையில் இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல; கடல்மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல். ஹோட்டன் சமவெளிக்குப் போவோர் கடந்து செல்லும் ஊர் என்பதற்கு மேல் வெளியூரார் அதை அறியார். மரக்கறிப் பாத்திகளிலும் பாற்பண்ணையிலும், மலைச்சரிவில் கீழே தேயிலையிலும் உழைக்கும் நம்மவர்களுள் ஒருவர், தமது ஐம்பதாவது வயதில் இப்பெயரை அறிய வேண்டுமானால் என்ன நடக்க வேண்டும்?

2001 இல் கேம்பிரிட்ஜில் சைமன் பரன்-கோஹனும் குழுவினரும் வகுத்த ஐம்பது வினாக்கள் கொண்ட படிவம் உலகெங்கும் பயன்படுகிறது. அது முதற்கட்டச் சல்லடை மட்டுமே. அதைக்கொண்டு எவரும் தமக்குத் தாமே முடிவு கட்டலாகாது. அதில் நூலகத்தை விரும்புவீரா, விருந்தை விரும்புவீரா என்றொரு கேள்வி. நாடகசாலையா, அருங்காட்சியகமா என்று இன்னொன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஏழு பேரோடு வளர்ந்தவருக்கு இக்கேள்விகளின் பொருள் என்ன? தனிமையை விரும்புகிறாரா என்று கேட்பதற்கு, தனிமை என்ற ஒன்று முதலில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா என்பார்கள். துரையின் கண்ணையும் பெரிய கங்காணியின் கண்ணையும் நேரே பாராதிருப்பதே இங்கே மரியாதை. ஒரு காலத்தில் பிழைக்கும் வழியும் அதுவே. மணவாழ்வில் இடர்ப்பட்டாரா என்பார்கள். பெண் பார்ப்பதும் பேசி முடிப்பதும் பெரியவர்கள் காரியமாயிருக்க, அவர் ஒரு பெண்ணிடம் பேசத் தெரியாதவர் என்பது எவருக்கும் தெரிய வந்திராது. காலையில் பெரட்டுக்குப் போய், சொன்ன நிரையில் நின்று, மாலையில் கொழுந்து நிறுத்து வீடு திரும்பும் வாழ்க்கையின் மாறாத ஒழுங்கு, மாற்றத்தைத் தாங்காத ஒருவரை ஆயுள் முழுவதும் மறைத்து வைத்திருக்கக் கூடும் என்பது என் எண்ணம். அந்த ஒழுங்கு குலையும் நாளில், தோட்டத்தை விட்டு அவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகும் நாளில், சிக்கல் வெளியே வரும். அப்போது அவருக்குக் கிடைக்கும் பெயர் 'தலைக்கனம்' அல்லது 'கிறுக்கு'.

இன்னொரு தடையும் உண்டு. வளர்ந்தவரை மதிப்பிடும் மருத்துவர், அவர் குழந்தையாயிருந்த காலத்தைப் பற்றி அறிய விரும்புவார். தாயைக் கேட்பார், பாடசாலை அறிக்கைகளைக் கேட்பார். 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் ஒரே குடும்பத்தில் தாய் கடலுக்கு அப்பாலும் மகன் இப்பாலுமாகப் பிரிந்த கதைகள் மலையகத்தில் ஏராளம். ஒரே ஆசிரியர், ஒரே அறை என்றிருந்த தோட்டப் பாடசாலைகளில் யார் அறிக்கை எழுதி வைத்தார்கள்?

பிள்ளைகளின் நிலை சற்றே மாறியிருக்கிறது. இலங்கையில் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்றரை முதல் இரண்டு வயதுக் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்தது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான 'அயதி' நிலையம் 2020 இல் றாகமையில் தொடங்கப்பட்டது. ஆனால் கானரின் பெயரைப் போலவே இங்கும் எல்லாம் குழந்தைகளின் பெயரிலேயே இருக்கின்றன.

இறந்தோருக்குப் பெயர் வேண்டாம்

அயர்லாந்தின் உளமருத்துவர் மைக்கேல் பிட்ஸ்ஜெரால்ட் 2004 இல் எழுதிய நூலில், கணித மேதை இராமானுஜனும் இந்நிலை உடையவரே என்று வாதிட்டார். 1920 இல் மறைந்தவர் இராமானுஜன். கேள்வி கேட்டால் பதில் சொல்ல அவர் இல்லை. தாமே தம்மை இனங்கண்டுகொள்வதில் உள்ள விடுதலை, இறந்தவர் மேல் பிறர் ஒட்டும் பெயரில் இல்லை.

எங்கள் பகுதித் தோட்டமொன்றிலும் ஒரு பெரியவர் இருந்தார். தோட்டத்தில் யார் எந்தத் திகதியில், என்ன கிழமையில் பிறந்தார் என்று கேட்டவுடன் சொல்வார். பிரஜாவுரிமை மனு எழுதுவோர் அவரைத் தேடிப் போவார்கள். கலியாண வீட்டில் ஆரவாரம் எழுந்ததும் காதைப் பொத்திக்கொண்டு வெளியேறிவிடுவார். 'அவர் ஒரு மாதிரி' என்பதே ஊர் அவருக்கு வைத்த பெயர். அவருக்கு நான் வேறு பெயர் சூட்டப்போவதில்லை. ஆனால் அவரைப் போன்றோர் இன்றும் உயிரோடிருக்கிறார்கள். கேட்டால் பதில் சொல்வார்கள்.

தாமதமாக வரும் பெயரின் பெறுமதியை மலையகத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது. அவ்வாண்டில் சான்றிதழ் பெற்ற ஐம்பது வயதுக்காரர் அன்றுதான் இந்நாட்டவர் ஆனாரா? பிறந்த நாள் முதல் அவர் இந்நாட்டவரே. கடிதம் பிந்தியது. இழந்த ஆண்டுகளை அக்கடிதம் திருப்பித் தரவில்லை. எனினும், குற்றம் தம்முடையதன்று என்று சொல்ல ஓர் ஆதாரம் கைக்கு வந்தது.

மலையகப் பிள்ளையொன்றை மதிப்பிடும் மருத்துவர், 'உங்களுக்கும் சிறு வயதில் இப்படி இருந்ததா?' என்று பெற்றோரிடம் தமிழில் ஒரு கேள்வி கேட்கலாம். லயத்து வாழ்வை அறிந்தவர்கள் எழுதிய வினாப் படிவமொன்று வேண்டும். இவற்றோடு, 'மதியிறுக்கம்' என்று தமிழகத்தார் வழங்கும் சொல்லையும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சொல்லைக் கேட்டு எந்த ஐம்பது வயதுக்காரர் 'இது நான்தான்' என்று முன்வருவார்?