வாட்டர்ஸ்டன் கட்டுரையும் நடுவர் மதிப்பீட்டின் வரலாறும்

ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிடுவதற்கு முன் அத்துறை வல்லுநர்கள் படித்துத் தகுதி கூறும் முறை நடுவர் மதிப்பீடு எனப்படும். இம்முறை அறிவியல் இதழ்களோடு உடன்பிறந்ததன்று. இலண்டன் ராயல் சொசைட்டியின் வரலாற்றில் அது படிப்படியாகவே உருப்பெற்றது. அச்சங்கத்தின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665 மார்ச்சில் ‘பிலசாபிக்கல் டிரான்சாக்சன்ஸ்’ இதழைத் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கியபோது, அச்சிடத் தக்கது எது என்பதைத் தாமே முடிவு செய்தார். 1752இல் சங்கம் இதழை ஏற்று, கட்டுரைகளைத் தெரிவு செய்யக் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு மறைமுக வாக்கெடுப்பால் கட்டுரைகளை ஏற்றது அல்லது தள்ளியது. ஏற்ற கட்டுரைகளின் உண்மைக்குச் சங்கம் பொறுப்பன்று என்றும் இதழில் அறிவித்தது.

காரணம் காட்டி மதிப்பிடும் வழக்கம் 1830களில் தோன்றியது. கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் 1831இல் முன்வைத்த யோசனையின்படி, பூமி, வெள்ளி ஆகியவற்றின் இயக்கத்தில் காணப்படும் நீண்டகால வேறுபாட்டைப் பற்றி வானியலாளர் ஜார்ஜ் ஏரி எழுதிய கட்டுரையை ஹியூவெலும் ஜான் லப்பக்கும் ஆராய்ந்தனர். லப்பக் கணக்கீடுகளின் ஒவ்வொரு படியையும் சோதித்துத் திருத்தம் கோரினார். ஹியூவெலோ, அறிவுலகில் அக்கட்டுரைக்குரிய இடத்தை விளக்குவதே அறிக்கையின் பணி என்றார். குற்றம் காண்பதும் மதிப்பை உணர்வதும் ஆகிய இவ்விரண்டும் மதிப்பீட்டின் இரு கூறுகள் என்பதை அந்தக் கருத்து வேறுபாடே காட்டிவிட்டது. 1832இல் அறிக்கை பாராட்டுரையாக வெளிவந்தது. பின்னர் நடுவர் அறிக்கைகள் வெளியிடப்படாமல் மறைவாகவே வைக்கப்பட்டன.

இம்முறையின் குறைபாடு விரைவிலேயே வெளிப்பட்டது. பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்கு ஆசிரியராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன், 1845இல் வாயுக்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். வாயுவின் மூலக்கூறுகள் ஓயாது விரைந்து மோதுவதால் அழுத்தம் உண்டாகிறது என்றும், வெப்பநிலை அவற்றின் இயக்க ஆற்றலைப் பொறுத்தது என்றும் அவர் கணித வழியில் நிறுவினார். நடுவர்களாக இருந்த பேடன் பவலும் அதே லப்பக்கும் கட்டுரையை நிராகரித்தனர். மூலக்கூறுகளின் மோதலே அழுத்தத்துக்குக் காரணம் என்னும் அடிப்படையைப் பவல் ஏற்கவில்லை. லப்பக்கோ அதைப் பொருளற்ற பிதற்றல் என்றே ஒதுக்கினார். சங்கத்தில் படிக்கப்பட்ட கையெழுத்துப்படி சங்கத்துக்கே உரியது என்ற விதியால், படி எடுத்து வைத்திராத வாட்டர்ஸ்டனுக்கு அது திரும்பக் கிடைக்கவும் இல்லை. பின்னர் இயற்பியலாளர்கள் கிளாசியஸ் 1857இலும் மேக்ஸ்வெல் 1860இலும் இதே வாயுக் கொள்கையை வளர்த்துப் புகழ்பெற்றனர். வாட்டர்ஸ்டன் 1883இல் மறைந்தார்.

சங்கத்தின் செயலராக இருந்த ரேலி பிரபு 1891இல் அக்கையெழுத்துப்படியை ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்து, தம் முன்னுரையுடன் 1892இல் அச்சேற்றினார். கட்டுரையில் வாயுக்களின் வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதத்தைக் கணக்கிட்டதில் பிழை இருப்பதைக் குறித்துக்காட்டிய அவர், அப்பிழையால் கட்டுரையின் அடிப்படைக் கருத்தின் பெருமை குன்றவில்லை என்பதையும் தெளிவுபடுத்தினார். பவலும் லப்பக்கும் தவறிய இடம் இதுவே: அடிப்படைக் கருத்தைத் தம்மால் ஏற்க இயலவில்லை என்பதையே தள்ளுவதற்குப் போதிய காரணமாகக் கொண்ட அவர்கள், அவ்வடிப்படையிலிருந்து பெறப்பட்ட முடிவுகள் வாயுக்களின் அறியப்பட்ட இயல்புகளோடு பொருந்துகின்றனவா என்பதற்கு உரிய மதிப்பளிக்கவில்லை.

எனவே ஒரு கட்டுரையை ஆராய்பவர், அதன் எடுகோள் யாது, அதிலிருந்து முடிவு முறையாகப் பெறப்பட்டுள்ளதா, சான்று அம்முடிவைத் தாங்குகிறதா, காணப்படும் பிழை அடித்தளத்தைத் தகர்ப்பதா அல்லது விளிம்பில் நிற்பதா என்பவற்றைத் தனித்தனியே ஆராய வேண்டும். ஆசிரியரின் பதவியோ இதழின் புகழோ நடுவரின் ஒப்புதலோ இவ்வாராய்ச்சிக்கு ஈடாகா.