ஒரே கிணறு, இரண்டு உருளை

"சர்வர் டவுன் சார், நாளைக்கு வாங்க" என்ற பதிலைக் கேட்காத பென்ஷன்காரர் நம் பக்கத்தில் இருக்க மாட்டார். நரிக்குடிப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்தவருக்கு அது ஒரு முழு நாள் நஷ்டம். ஓய்வு பெறுமுன் பல ஆண்டுகள், வெளியூரில் அப்படிப்பட்ட சர்வர்கள் இருக்கும் அறையில்தான் எனக்கு வேலை. அவை படுக்காமல் இருக்க என்ன ஏற்பாடு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அந்த ஏற்பாட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

நமக்குத் தெரிந்த உதாரணம் ரயில் முன்பதிவு. 1985-ல் டில்லியில் அது கம்ப்யூட்டருக்கு மாறியது. 1999-ல் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்களும் ஒன்றாக இணைந்தன. அங்கே ஓடியது டிஜிட்டல் கம்பெனியின் விஎம்எஸ். அந்தக் கம்பெனி 1983-ல் கொண்டுவந்த 'கிளஸ்டர்' முறையில் பல கம்ப்யூட்டர்கள் ஒரே டிஸ்க்குகளைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று நின்றால் மற்றது வேலையைத் தொடரும்.

ஐபிஎம் கம்பெனி இன்னொரு வழியிலும் போனது. ஒரு பெரிய எந்திரத்தையே பல எந்திரங்களாகக் காட்டும் வித்தையை 1960-களிலேயே சோதித்து, 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. 1988-ல் பெரிய மெயின்பிரேம்களிலும், 1999-ல் ஏஎஸ்/400-லும், 2001-ல் யூனிக்ஸ் சர்வரிலும் எந்திரத்தையே பாகம் பிரிக்கும் வசதி வந்தது. நம் ஊர்ப் பாகப்பிரிவினை மாதிரிதான். ஒரே வீட்டுக்குள் குறுக்குச் சுவர் எழுப்பி நாலு குடும்பம் தனித்தனி அடுப்பு வைப்பார்கள். ஒருவர் வீட்டுச் சண்டை அடுத்த வீட்டைத் தொடாது.

ஆனால் கிணறு? யூனிக்ஸ் சர்வரில் முதலில் ஒவ்வொரு பாகத்துக்கும் டிஸ்க்கை எட்டத் தனி அடாப்டர் கார்டு வேண்டியிருந்தது. பாகம் பெருகப் பெருக, கார்டு செருக இடமில்லை. 2004-ல் பவர்5 சர்வர்களோடு 'விர்ச்சுவல் ஐ/ஓ சர்வர்' வந்தது. கார்டுகளை எல்லாம் அந்த ஒரு பாகம் வைத்துக்கொள்ளும். மற்ற பாகங்களுக்குக் கையால் தொட முடியாத, மென்பொருளால் ஆன அடாப்டர் மட்டும் தரப்படும். கேட்பதை அந்த அடாப்டர் வழியாகக் கேட்டால், ஐ/ஓ சர்வர் டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும்.

செலவு குறைந்தது, ஆபத்து கூடியது. பொதுக் கிணற்றில் ஒரே உருளை இருந்து அது உடைந்தால் நாலு குடும்பத்துக்கும் தண்ணீர் இல்லை. அதனால் உருளையை இரண்டாக்கினார்கள். ஐ/ஓ சர்வர்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கார்டு, தனி ஃபைபர் கேபிள், தனி சுவிட்ச். ஒவ்வொரு பாகத்துக்கும் விர்ச்சுவல் அடாப்டர்கள் இரண்டு: ஒன்று முதல் ஐ/ஓ சர்வரைப் பார்க்கும், மற்றது இரண்டாவதைப் பார்க்கும். இரண்டு வழியும் போய்ச் சேருவது ஒரே டிஸ்க்குக்கு. ஒரு வழி அடைத்தால் கணினி தானாக அடுத்த வழிக்கு மாறும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது பூட்டு. வழக்கமான அமைப்பில், முதலில் டிஸ்க்கைத் தொட்ட ஐ/ஓ சர்வர் அதைத் தனக்கென்று பூட்டிக்கொள்ளும். மற்றது வெளியே நிற்கும். 'நோ ரிசர்வ்' என்று இரண்டு பக்கமும் மாற்றி எழுத வேண்டும். இரண்டாவது விசாரிப்பு. போன வழி திரும்பி வந்துவிட்டதா என்று கணினி அவ்வப்போது கேட்டுப் பார்க்க வேண்டும். விர்ச்சுவல் டிஸ்க்குகளில் அந்தக் கால இடைவெளி நெடுநாள் சுழியமாகவே வந்தது. சுழியம் என்றால் கேட்கவே கேட்காது. அறுபது வினாடி என்று நாம்தான் வைக்க வேண்டும்.

இதன் விளைவை ஓர் இடத்தில் கண்ணால் பார்த்தேன். பராமரிப்புக்காக முதல் ஐ/ஓ சர்வரை நிறுத்தி மறுபடி ஏற்றினார்கள். யாருக்கும் எந்தத் தடங்கலும் இல்லை. சில வாரம் கழித்து இரண்டாவதை நிறுத்தினார்கள். எல்லாப் பாகமும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. முதல் வழி நல்லபடியாகத்தான் இருந்தது. அது சரியாகிவிட்டதா என்று கேட்கத்தான் ஆளில்லை. இரண்டு வழி இருக்கிறதென்ற நம்பிக்கையில் அத்தனை நாள் ஒரே வழியில் ஓடியிருக்கிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு ஐ/ஓ சர்வரும் ஒரே பெட்டிக்குள் இருப்பவை. பெட்டியே போனால் இரண்டும் போகும். அதற்கு இன்னொரு பெட்டி, இன்னொரு ஊர் வேண்டும். அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இது புதிதல்ல. வைகைத் தண்ணீர் ஒரு குழாயில், தாமிரபரணித் தண்ணீர் இன்னொரு குழாயில். ஒரே ஆற்றிலிருந்து இரண்டு குழாய் போட்டிருந்தால், ஆறு வறண்ட நாளில் இரண்டும் சும்மா கிடக்கும்.

ஆகவே, இனி யாராவது "எங்களிடம் எல்லாமே இரண்டு இருக்கிறது" என்று சொன்னால், இரண்டாவதைக் கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். சர்வருக்கு மட்டுமல்ல, வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதே கேள்விதான்.