நன்கொடை அல்ல, ஒப்பந்தம்: தொழில் நிறுவனங்களும் சாதிப் பாகுபாடும்

அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் உறுப்பு வேலைவாய்ப்பில் சமவாய்ப்பை உறுதிசெய்கிறது. ஆனால் அது அரசுப் பணிக்கு மட்டுமே. தனியார் ஆலையின் வாயிலோடு அதன் எல்லை முடிந்துவிடுகிறது. நம் மக்களில் பெரும்பாலோர் உழைப்பது அந்த வாயிலுக்கு உள்ளேதான். நியாயமான சமூகத்தை உருவாக்குவதில் தொழில் நிறுவனங்களின் பங்கு என்ன என்ற கேள்வியை நாம் அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

நிறுவனங்கள் இக்கேள்விக்கு வழக்கமாகத் தரும் விடை, சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 135இன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்குக் கழிப்பறை, ஊருக்கு மரக்கன்று. வேண்டாம் என்று நாம் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த லாபம் எவ்வாறு ஈட்டப்பட்டது என்பதை இப்பிரிவு கேட்பதில்லை. சொந்தத் தொழிலாளர்களின் நலனுக்கான செலவை இக்கணக்கில் சேர்க்கவும் விதிகள் இடம் தருவதில்லை.

சாதியைப் பொறுத்தவரை, சட்டம் முற்றிலும் வாய்மூடி இருக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தம், ‘பொருளாதாரப் புறக்கணிப்பு’ என்பதற்கு விரிவான வரையறை தந்தது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களோடு வணிகம் செய்ய மறுப்பது, கூலி வேலைக்கு அமர்த்த மறுப்பது, ஒப்பந்த வாய்ப்பை மறுப்பது, பிறருக்கு வழக்கமாக அளிக்கும் நிபந்தனைகளை அவர்களுக்கு அளிக்க மறுப்பது ஆகியவை அதனுள் அடங்கும். அத்தகைய புறக்கணிப்பைச் சுமத்துவதும், சுமத்துவோம் என மிரட்டுவதும் பிரிவு 3(1)இன் கீழ் குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை. சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்தியதைப் பதிவுசெய்யும் காவல் நிலையங்கள் இந்த உட்பிரிவை எளிதில் எழுதுவதில்லை. புகார் எழுதும் நாமும் சில வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

எனினும் குற்றவியல் சட்டம் தவறு நடந்த பின்னரே வரும். வேலைத்தளத்தின் அன்றாட நடைமுறையை மாற்ற வேறொரு கருவி வேண்டும். அதற்கு நம் கண்முன் உள்ள சான்று திண்டுக்கல் ஒப்பந்தம்.

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில், திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றில் பணிபுரிந்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். பாலியல் தொல்லைகள் குறித்த குரல்கள் அதன்பின் வெளிவந்தன. தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இழப்பீட்டோடு நிறைவடையவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகளுடன் இணைந்து ஓராண்டுக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கண்டது. அதோடு இணைந்த ஒப்பந்தத்தில் எச் அண்ட் எம் நிறுவனம் கையெழுத்திட்டது; கேப், பிவிஎச் ஆகியவை பின்னர் சேர்ந்தன. 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதன் வரம்புக்குள் வந்தனர். பாலினம், சாதி, புலம்பெயர்வு ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாடு தடை செய்யப்பட்டது. சங்கம் தெரிந்தெடுத்துப் பயிற்றுவித்த பெண்கள் வேலைத்தளத்திலேயே கண்காணிப்பாளர்களாயினர். நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத புகார் விசாரணை முறையும் உருவானது.

அதன் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால், வாங்கும் நிறுவனங்கள் வணிக அளவில் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஆர்டர் குறையும் என்ற அச்சம் செய்யும் வேலையைச் சுவரில் ஒட்டிய நன்னடத்தை விதிகள் செய்ததில்லை. 2022 ஜூலையில் அந்நிறுவனத்தின் ஆலை ஒன்றிலிருந்து வரும் ஆடைகளை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தபோது, செப்டம்பரிலேயே தடை நீங்கியதற்கு இவ்வொப்பந்தத்தின் வழியே எடுக்கப்பட்ட திருத்த நடவடிக்கைகளும் காரணமாயின. தொழிலாளரின் உரிமை ஆலையின் ஏற்றுமதியையும் காத்தது என்பதை முதலாளிகள் சங்கங்களுக்கு நாம் நினைவூட்டலாம்.

குறை இல்லாமல் இல்லை. வெளிநாட்டு முத்திரை நிறுவனம் வாங்கும் இடத்தில்தான் இவ்வழி எளிதில் செல்லும். உள்நாட்டுச் சந்தைக்கு நூல் விற்கும் நூற்பாலையை யார் நெருக்குவது? இங்கே நாம் அரசை வாடிக்கையாளராகப் பார்க்க வேண்டும். 2012ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒன்றிய அரசின் கொள்முதல் கொள்கை, அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்கிறது. தலித் முதலாளிகள் உருவாக அது தேவை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் தரும் 35 விழுக்காடு மூலதன மானியமும் தேவை. ஆனால் இவை உரிமையாளரின் சாதியைப் பார்ப்பவை. எஞ்சிய கொள்முதலைப் பெறும் ஆலைகளில் நம் பெண்களுக்குத் துப்புரவு வேலை மட்டும் ஒதுக்கப்படுகிறதா, விடுதியில் தனித் தட்டு வைக்கப்படுகிறதா என்று ஒப்பந்தப்புள்ளிப் படிவம் கேட்பதில்லை. திண்டுக்கல் ஒப்பந்தத்தின் விதிகளை ஒத்த ஒரு நிபந்தனையை அப்படிவத்தில் சேர்க்கச் சொல்லித் தொழிலாளர் துறைக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் மனு அளிப்பதை மாணவர் அமைப்புகள் இவ்வாண்டே தொடங்கலாம். வரைவை எழுதித் தர நாங்கள் இருக்கிறோம்.