ஒட்டாதீர்

பொதுச்சுவர் யாருக்கு உரியது என்னும் வினா தாம்பரம் வட்டாரத்துக்குப் புதிதன்று. 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. காலப்போக்கில் நிலையத்தையும் ஜி.எஸ்.டி. சாலையையும் சார்ந்த மதில்கள் பல்லாயிரவர் கண்ணில் படும் இடங்களாயின. கேட்பாரற்ற சுவர், காத்து நிற்கும் கூட்டம். விளம்பரம் செய்வோர்க்கு வேறென்ன வேண்டும்? திரைப்படம், பொதுக்கூட்டம், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, மூலநோய் மருத்துவம் என அடுக்கடுக்காய் ஏறின. கவியரங்க அறிவிப்புகளும் அவற்றினூடே இடம்பெற்றதுண்டு என்பதை மறைப்பானேன்?

ஒட்டுவோனுக்கு ஒரு வாளிப் பசையும் ஓர் இரவுமே செலவு. அகற்றுவோனுக்கோ சுரண்டலும் வெள்ளையடிப்பும், மறுவாரம் மீண்டும் அதே வேலையும். 1978 மே மாதம் அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனமொன்றின் விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒருசேர அழையா மின்மடல் அனுப்பினார். அங்கும் கணக்கு இதுவே: அனுப்புவோன் செலவு சிறிது, பெறுவோர் சுமை பெரிது.

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே மாநிலச் சட்டம் பிறந்துவிட்டது. எனினும் ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதிய எழுத்தின் மீதே சுவரொட்டி ஏறியது. சட்டத்தினும் வலிதாக நின்றவை, வீட்டுக்காரர்கள் மதிலில் பதித்த சாமிப்பட ஓடுகள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் ஓவியங்கள் தீட்டச் செய்தது. வெற்றுச்சுவரே அழைப்பு என்பதை உணர்ந்த நல்ல முயற்சி அது.

அதற்குள் டிஜிட்டல் பேனர் வந்துவிட்டது. கையால் எழுதிய ஓவியர்களின் பிழைப்பு குன்றியது. விளம்பரம் சுவரைவிட்டு நடுச்சாலைக்கு இறங்கியது. உயிரோடிருப்போர் படங்களைப் பேனர்களில் வைக்கலாகாது என 2017 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அடுத்த மாதமே கோவையில் வரவேற்பு வளைவொன்றால் ஓர் இளைஞர் உயிரிழந்தார். 2018 டிசம்பரில் பேனர்களுக்கு இடைக்காலத் தடை வந்தது.

2019 செப்டம்பர் 12 அன்று, பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலையில் பள்ளிக்கரணை அருகே, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண்மீது திருமண பேனர் ஒன்று சரிந்தது. நிலைதடுமாறி விழுந்தவர்மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தப் பேனர் ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் இல்லத் திருமணத்துக்காக, அனுமதியின்றி வைக்கப்பட்டது. ஆணைகள் ஏட்டில் இருந்தன. சாலையில் அவற்றைச் செயலாக்குவார் எவருமில்லை. பேனர் வைப்பதில்லை என்று கட்சிகள் உறுதிமொழி அளித்தன.

மறுமாதம் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்திக்கவிருந்தனர். விமான நிலையத்திலிருந்து அவ்வூர் வரை வரவேற்புப் பேனர் வைக்க அரசே உயர்நீதிமன்றத்தை நாடிற்று. நீதிமன்றம் தடை சொல்லவில்லை.